கண்ணாடி போனால் கனம் குறையுமா?

கேமரா கேள்வி–பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஐந்து, வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்திருந்தாலும், ஒரே சந்தேகத்தைத்தான் கேட்கின்றன. மிரர்லெஸ் கேமராவுக்கு, அதாவது உள்ளே மிரர் என்ற கண்ணாடி இல்லாத கேமராவுக்கு, மாறினால் தோளில் தொங்கும் பை உண்மையிலேயே இலேசாகுமா என்பதே அது. ஐந்தும் செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து வந்தவை; அந்த வீடுகளின் இருட்டும், முற்றத்து வெயிலும், நடையின் நீளமும் எனக்கும் பழகியவை என்பதால் பதில் சொல்வது சற்று எளிதாகிவிட்டது. கீழே சொல்லும் எடைகள் தயாரிப்பாளர்கள் அறிவித்தவை. கேமராக்களின் எடை பேட்டரியும் மெமரி கார்டும் சேர்த்தது; லென்சுகளின் எடை லென்ஸ் மட்டும். 24-70 போன்ற எண்கள் லென்ஸின் குவியத் தூரம், மில்லிமீட்டரில்: எண் சிறிதானால் காட்சி அகலும், பெரிதானால் தொலைவு நெருங்கும். எஃப் எண் ஒளி நுழையும் துளையைச் சொல்வது: எண் கூடினால் துளை சிறிது.

கேள்வி: ஐயா, பதினெட்டு ஆண்டுகளாகத் திருமணப் படம் எடுத்து வருகிறேன். என்னிடம் கேனான் 5டி மார்க் 4, துணைக்கு ஒரு 6டி மார்க் 2, இவற்றுக்கு 16-35 எஃப் 4, 24-70 எஃப் 2.8, 70-200 எஃப் 2.8 ஆகிய மூன்று லென்சுகள் இருக்கின்றன. எங்கள் பக்கத்துக் கல்யாணங்கள் பல இன்னும் பூர்வீக வீட்டிலேயே நடக்கின்றன. முகப்புக்கும் இரண்டாங்கட்டுக்கும் நாள் முழுவதும் நடந்து மாலையானால் இடது தோளைத் தூக்க முடிவதில்லை. மருத்துவரும் பாரத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டார். மிரர்லெஸ்ஸுக்கு மாறினால் பை பாதியாகிவிடும், பழைய லென்சுகளை அடாப்டர் போட்டு அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொல்கிறார். நம்பலாமா? – ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: பாதியாகாது. உங்களிடம் உள்ளதை அப்படியே மிரர்லெஸ்ஸில் வாங்கினால் ஆறில் ஒரு பங்குகூட முழுதாகக் குறையாது. பழைய லென்சுகளையே அடாப்டரோடு வைத்துக்கொண்டால் எதுவும் குறையாது, சற்றுக் கூடினாலும் கூடும். கடைக்காரரையும் குறை சொல்வதற்கில்லை. அவர் உங்கள் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வது லென்ஸ் மாட்டாத கேமராவை; அது இலேசாகத்தான் இருக்கும்.

கணக்கைப் பார்ப்போம். 5டி மார்க் 4 கேமரா 890 கிராம், 6டி மார்க் 2 கேமரா 765 கிராம். லென்சுகளில் 16-35 எஃப் 4 என்பது 615 கிராம், 24-70 எஃப் 2.8 இரண்டாம் பதிப்பு 805 கிராம், 70-200 எஃப் 2.8 மூன்றாம் பதிப்பு 1480 கிராம். மொத்தம் 4555 கிராம். இதற்கு ஈடாகக் கேனானின் மிரர்லெஸ் கேமராவான ஆர்6 மார்க் 2 இரண்டு வாங்கினால் 1340 கிராம், அதற்கான ஆர்.எஃப். லென்ஸ் வரிசையில் 14-35 எஃப் 4 லென்ஸ் 540, 24-70 எஃப் 2.8 லென்ஸ் 900, 70-200 எஃப் 2.8 லென்ஸ் 1070. ஆக 3850 கிராம். மிச்சம் 705 கிராம். இந்த 705 கிராமில் கேமராக்களால் குறைந்தது 315 மட்டுமே. 24-70 லென்ஸ் குறையவில்லை. பழையதைவிட 95 கிராம் கூடியிருக்கிறது, ஏனென்றால் பழையதில் இல்லாத அதிர்வுத் தடுப்பைப் புதியதில் சேர்த்திருக்கிறார்கள். 70-200 லென்ஸில் 410 கிராம் குறைந்தது உண்மை. ஆனால் மிரர் போனது மட்டும் அதற்குக் காரணம் அன்று; பழைய லென்ஸ் ஜூம் செய்யும்போது நீளம் மாறாத கட்டு, புதியது நீண்டு சுருங்கும் கட்டு. அப்படிச் சுருக்கியதற்கு விலையாக அதில் எக்ஸ்டெண்டர் (எட்டத்தைக் கூட்டும் துணை லென்ஸ்) மாட்ட முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

நாம் எல்லோரும் மயங்குவது இந்த இடத்தில்தான். மிரர்லெஸ் கேமராவில் எடுத்துப்போட்டது, பெட்டிக்குள் சாய்வாக நின்றிருந்த ஒரு சிறு கண்ணாடியையும், அதற்கு மேலே கூம்பில் இருந்த பட்டகத்தையும், அவை அசைவதற்கு விட்டிருந்த வெற்றிடத்தையும். அதனால் லென்ஸ் மாட்டும் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையிலிருந்த தூரம் கேனானில் 44 மில்லிமீட்டரிலிருந்து 20 மில்லிமீட்டராகச் சுருங்கியது. கேமராவின் தொப்பை வற்றியது. பெட்டிக்குள் இருந்த கண்ணாடி போய்விட்டதே தவிர, பெட்டிக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி எங்கும் போகவில்லை. 200 மில்லிமீட்டரில் எஃப் 2.8 வேண்டுமென்றால் 200-ஐ 2.8-ஆல் வகுத்து வரும் 71 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒளி நுழைய வழி இருந்தே ஆக வேண்டும். அந்த அகலத்துக்குக் கண்ணாடி வேண்டும், கண்ணாடியைத் தாங்க உலோகம் வேண்டும். பின்னால் மாட்டியிருக்கும் பெட்டியில் மிரர் இருக்கிறதா இல்லையா என்பது அந்த 71 மில்லிமீட்டருக்குத் தெரியாது.

அடாப்டர் யோசனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அடாப்டர் 110 கிராம். இரண்டு கேமராவிலும் மாறி மாறி லென்ஸ் மாட்டும் உங்களுக்கு இரண்டு வேண்டும். ஒன்றை வைத்துக்கொண்டு முகூர்த்த நேரத்தில் கழற்றிப் பூட்டிக்கொண்டிருக்க முடியாது. 1340-உடன் 220 சேர்ந்தால் 1560. பழைய இரண்டு கேமராக்களின் எடை 1655. மிச்சம் 95 கிராம். மிரர்லெஸ்ஸின் மின் வியூஃபைண்டர் பேட்டரியைத் தின்னும் என்பதால் கூடுதலாக இரண்டு பேட்டரியாவது பையில் ஏறும். ஒன்று ஏறத்தாழ 80 கிராம். கூட்டிப் பார்த்தால் இன்று தூக்குவதைவிட 65 கிராம் அதிகம் தூக்குவீர்கள். குவியமும் முகத்தைத் தொடரும் திறனும் மேம்படும் என்பதற்காக அடாப்டரோடு மாறினால் அது நியாயம். தோளுக்காக மாறினால் அது பயனில்லை.

இனி நான் சொல்லப்போவதைக் கடைக்காரர் விரும்பமாட்டார். உங்கள் பழைய கேமராக்கள் இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டு, 24-70-க்குப் பதில் 24-105 எஃப் 4 இரண்டாம் பதிப்பும் (795 கிராம்), 70-200 எஃப் 2.8-க்குப் பதில் எஃப் 4 இரண்டாம் பதிப்பும் (780 கிராம்) எடுத்தால் மொத்தம் 3845 கிராம். புதிய மிரர்லெஸ் பை 3850 என்று மேலே பார்த்தோம். அதாவது எல்லாவற்றையும் விற்று, கையிலிருந்தும் பெரும்பணம் போட்டு அடையும் இலேசை, துளையை ஒரு படி சிறிதாக்கியே அடைந்துவிடலாம். நான் முதலில் இந்தக் கணக்கைப் போட்டபோது எங்கோ கூட்டலில் பிழை என்று நினைத்து மறுபடி கூட்டினேன்.

துளை ஒரு படி சிறிதானால் ஒளி பாதியாகும், ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளி உணர்திறன்) 3200-இல் எடுத்ததை 6400-இல் எடுக்க வேண்டும். முற்றத்திலும் முகப்பிலும் பகல் வெளிச்சத்தில் இது ஒரு பொருட்டே அன்று. சிக்கல், வளவில் முற்றத்தைச் சுற்றிய பத்தியில் நடக்கும் திருப்பூட்டுதல் என்ற தாலி கட்டும் சடங்கின்போதுதான். முற்றத்திலிருந்து வரும் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு பங்காளிகளும் தாய்மாமன்மாரும் சுற்றி நிற்க, உள்ளே மாப்பிள்ளையின் கை கழுத்துரு என்ற தாலியோடு அசையும். அந்த அசைவை நிறுத்த ஷட்டர் வேகம்தான் வேண்டும். கேமராவுக்குள் இருக்கும் அதிர்வுத் தடுப்பு உங்கள் கை நடுக்கத்தைத் தாங்குமே ஒழிய மாப்பிள்ளையின் கையைப் பிடித்து நிறுத்தாது. விளம்பரங்கள் இந்த வேறுபாட்டை மெதுவாக விழுங்கிவிடுகின்றன. ஆகவே பெரிய எஃப் 2.8 ஜூம்களை விட்டுவிட்டு, அந்தப் பத்து நிமிடத்துக்கென ஒரு சிறு எஃப் 1.8 லென்ஸை வைத்துக்கொள்ளுங்கள், எஃப் 2.8-ஐவிட அது இரண்டு மடங்குக்கு மேல் ஒளியை விடும்.

மாறத்தான் போகிறீர்கள் என்றால் நான் சொல்லும் பை இது: ஆர்6 மார்க் 2 இரண்டு, 24-105 எஃப் 4 (700), 70-200 எஃப் 4 (695), 35 எஃப் 1.8 (305), 50 எஃப் 1.8 (160). கூட்டினால் 3200 கிராம். இன்றையதைவிட 1355 கிராம் குறைவு. 16-35 எங்கே என்று கேட்பீர்கள். கல்யாணக் கொட்டகை முழுவதையும் ஒரே படத்தில் அடக்க 24 போதும். அதற்கும் அகலமாகப் போனால் ஓரத்தில் நிற்கும் ஆச்சியின் முகம் பக்கவாட்டில் இழுபட்டுப்போகும், ஆல்பம் வந்த பிறகு அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். வாங்குவதற்கு முன் இதே லென்சுகளை ஒரு கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்.

என் சொந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் மாறியபோது முதல் மூன்று மாதம் பை பூப்போல இருந்தது. ஆறாவது மாதம் தோள் மறுபடி இழுத்தது. தெருமுனைக் காய்கறிக் கடையில் தராசின் மேல் பையைத் தூக்கி வைத்தேன். 9 கிலோ 200 கிராம் காட்டியது. கடைக்காரர் கத்திரிக்காய்க்குப் போடுவதுபோல முகத்தை மாற்றாமல், "எவ்வளவு எடுத்துரலாம்யா?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து பாயில் கொட்டிப் பார்த்தேன். வெறும் பையே இரண்டு கிலோ. இரண்டு ஃபிளாஷ், அவற்றுக்கு இரண்டு சோடி மாற்று செல்கள், மூன்று சார்ஜர், ஊக்குப் பொட்டலம், ஒட்டு நாடா, மழைக்கோட்டு. அடியில் ஒரு லென்ஸ் உறை. அவிழ்த்தபோது லென்ஸின் மூடி விளிம்பில் எந்தக் கல்யாணத்திலோ விழுந்த அட்சதை நான்கு மணி காய்ந்து ஒட்டியிருந்தது. அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு அந்த லென்ஸை நான் திறக்கவே இல்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். கேமரா சிறுத்ததால் பையில் இடம் விழுந்தது. இடம் விழுந்ததால் நானே நிரப்பியிருக்கிறேன். உங்கள் பையையும் புதிய கேமரா வாங்குவதற்கு முன்பு ஒருமுறை பாயில் கொட்டிப் பாருங்கள்.

தோள்வலிக்கு இன்னொன்று. இரண்டு கேமராவையும் ஒரே தோளில் மாட்டாதீர்கள். இரு தோளிலும் பிரித்துத் தொங்கவிடும் தோல்வார் இப்போது எளிதாகக் கிடைக்கிறது. பாரம் அதேதான், இடது தோளுக்கு மட்டும் வராது.

கேள்வி: நான் பழைய வீடுகளைப் படமெடுத்து ஆவணப்படுத்தி வருகிறேன். நிக்கான் டி750, 14-24 எஃப் 2.8, 50 எஃப் 1.8 ஜி ஆகியவற்றோடு ஒரு டிரைபாடும் சுமக்கிறேன். பயன்படுத்திய இசட்6 (நிக்கானின் மிரர்லெஸ்) ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. அது வந்தால் எடை குறையுமா, டிரைபாடை வீட்டிலேயே விட்டுவிடலாமா? ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் டிரைபாடை வைக்க வீட்டு ஆச்சிமார் சம்மதிப்பதும் இல்லை. – ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: தேவகோட்டை வாசகருக்கு இல்லை என்று சொன்னதை உங்களுக்கு ஆம் என்று சொல்கிறேன். காரணம் நீங்கள் அகல லென்ஸில் வேலை செய்பவர்.

மிரர் இருந்த காலத்தில் அகல லென்சுகளுக்கு ஒரு தனிச் சங்கடம் இருந்தது. நிக்கானில் வளையத்திலிருந்து சென்சார் 46.5 மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. 14 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று தன் பிம்பத்தை அவ்வளவு தூரம் பின்னால் தள்ளிக்கொண்டுபோய் விழச் செய்ய வேண்டும். அதற்காக முன்னால் பெரிய குவிந்த கண்ணாடிகளை அடுக்கினார்கள். உங்கள் 14-24 லென்ஸின் முகம் தவளைக் கண்போலப் பிதுங்கி நிற்பதும், அதன் எடை ஏறத்தாழ ஒரு கிலோவாக இருப்பதும் அதனால்தான். இசட் வரிசையில் அந்தத் தூரம் 16 மில்லிமீட்டராகிவிட்டது. அதே 14-24 எஃப் 2.8 இப்போது 650 கிராம்தான். மிரர் போனதால் நேரடியாக இலேசான லென்ஸ் என்று கை வைத்துக் காட்டக்கூடியவை இத்தகைய அகல லென்சுகளே.

ஆனால் உங்களுக்கு எஃப் 2.8-உம் வேண்டாம். வீட்டின் உட்புறத்தை எஃப் 8-க்குக் குறையாமல் எடுப்பவர் நீங்கள். முகப்பில் நின்று நிலைவாசல் வழியாக வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று பின்தெருக் கதவு வரை ஒரே கோட்டில் தெரியும் அந்தப் படத்துக்கு, அருகில் இருக்கும் தேக்குத் தூணும் கடைசியில் தெரியும் வெளிச்சப் பொட்டும் ஒருங்கே தெளிவாக வேண்டும். எஃப் 11 வைத்தால்தான் மனம் ஆறும். ஆகவே 14-30 எஃப் 4 லென்ஸை எடுங்கள், 485 கிராம். 50 எஃப் 1.8 விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள்: உங்களிடம் உள்ளது 185 கிராம், இசட் வரிசையின் 50 எஃப் 1.8 எஸ் 415 கிராம். படத்தின் தரம் உயர்ந்ததுதான், எடை இரண்டு மடங்குக்கு மேல். அதற்குப் பதில் 40 எஃப் 2 எடுத்தால் 170 கிராமில் முடிந்துவிடும். இன்று நீங்கள் தூக்குவது கேமரா 840-உம் சேர்த்து ஏறத்தாழ இரண்டு கிலோ; இசட்6 கேமரா 675 கிராம், 14-30, 40 ஆகிய மூன்றும் சேர்ந்தால் 1330 கிராம். ஏறக்குறைய 700 கிராம் போயிற்று.

ஒரு குறையைச் சொல்லாமல் விடக்கூடாது. ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கமான சிபாவின் சோதனை முறைப்படி டி750 ஒரு பேட்டரியில் 1230 படம் தரும். இசட்6 வெறும் 310. இந்தச் சோதனை கடுமையானது, தொடர்ந்து எடுத்துக்கொண்டே போனால் அதைவிட நிறையவே கிடைக்கும். ஆனால் உங்களைப்போல ஒரு படத்துக்குக் கால் மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களுக்குக் கிடைக்காது. மாற்றுப் பேட்டரி இரண்டேனும் வேண்டும். லித்தியம் பேட்டரிகளை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் காரைக்குடியிலேயே இருக்க, அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் நாம் பேட்டரி தீர்ந்து விழித்துக்கொண்டு நிற்பது எனக்கு எப்போதும் சிரிப்பை வரவழைக்கும்.

டிரைபாட்: விட்டுவிடாதீர்கள், சிறிதாக்குங்கள். இசட்6 கேமராவில் உடலுக்குள்ளேயே அதிர்வுத் தடுப்பு உண்டு. 14 மில்லிமீட்டரில் தூணில் முதுகைச் சாய்த்து மூச்சடக்கி எடுத்தால் கால் விநாடி வரை என் கைக்குத் தெளிவாக வருகிறது. கதவின் செதுக்கல், நிலைமாலை, சுவரோவியம் போன்றவற்றுக்கு இது போதும். முழு அறையை எடுப்பதற்குப் போதாது. உச்சி வெயில் விழும் முற்றமும் அதைச் சுற்றியுள்ள இருண்ட பத்தியும் ஒரே சட்டத்துக்குள் இருக்கும்போது மூன்று நான்கு ஒளியளவில் அசையாமல் எடுத்துச் சேர்த்தால்தான் இரண்டும் தெரியும். அங்கே கை நம்பகமானது அன்று. இதுவரை ஏறத்தாழ 1800 கிராம் கேமராவையும் லென்ஸையும் தாங்குவதற்காகத் தடித்த கால்களைச் சுமந்தீர்கள். தாங்க வேண்டியதே இனி 1160 கிராம்தான் என்பதால் மெல்லிய கார்பன் கால்கள் போதும். எடை அங்கேயும் குறையும்.

ஆச்சிமார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதன்று. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, பின்னால் மணலும் சிமெண்டும் சேர்த்து அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தது. மேலே இருக்கும் வண்ணப் படலம் மெல்லியது, கூர்முனை பட்டால் கீறும். டிரைபாடின் கால்களில் ரப்பர் முனை இருக்கிறதா என்று முதலில் அவர்கள் எதிரிலேயே கழற்றிக் காட்டி, பிறகு மூன்று காலுக்கும் மடித்த துணி வைத்துப் பாருங்கள். நான் அப்படிக் கேட்ட வீடுகளில் ஒன்றிரண்டு தவிர எங்கும் மறுக்கவில்லை. மறுத்த ஒரு வீட்டில் ஆச்சியே ஒரு பழைய மணையைக் கொண்டுவந்து போட்டு, இதன்மேல் வையுங்கள் என்றார்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியன் நான், வயது 68. குளிர்காலத்தில் வேட்டங்குடிக்குச் சென்று பறவைகளைப் படமெடுப்பது வழக்கம். நிக்கான் டி500, சிக்மா 150-600 கண்டெம்பரரி இருக்கின்றன. கையில் பிடித்து நிற்க முடியவில்லை. மிரர்லெஸ்ஸுக்கு மாறினால் பிடிக்க முடியுமா? – ஒரு வாசகர், பள்ளத்தூர்

பதில்: ஐயா, நிக்கானிலேயே இதே அளவு ஜூமோடு மிரர்லெஸ்ஸுக்கு மாறினால் முடியாது. உங்கள் கேமரா 860 கிராம், லென்ஸ் 1930 கிராம். நிக்கானின் இசட் 180-600 லென்ஸ் டிரைபாட் வளையம் இல்லாமலே 1955 கிராம், உங்களுடையதைவிடக் கூடுதல். தொலைநோக்கு லென்ஸில் மிரர் போனதால் ஒரு கிராமும் போகவில்லை என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இருப்பினும் மிரர்லெஸ் உங்களுக்கு வேறு வழியில் உதவும். பழைய மிரர் கேமராக்களின் ஆட்டோஃபோகஸ் எஃப் 8-க்கு மேல் இருண்ட லென்சுகளில் பெரும்பாலும் திணறிப்போகும். மிரர்லெஸ் சென்சாரிலேயே குவியம் பார்ப்பதால் எஃப் 11-இலும் பிடித்துக்கொள்ளும். அந்தத் துணிச்சலில்தான் கேனான் 600 எஃப் 11 லென்ஸை 930 கிராமில் செய்ய முடிந்தது. துளை சிறிதானால் எடை குறையும் என்ற அதே கணக்கு. மிரர்லெஸ் செய்தது அந்தச் சிறு துளையைப் பயன்படுத்தத்தக்கதாக ஆக்கியது.

உங்களுக்கு இரண்டு பை சொல்கிறேன். கேனான் ஆர்7 (612 கிராம்), ஆர்.எஃப். 100-400 (635 கிராம்): சேர்ந்து 1247 கிராம், சிறிய சென்சார் என்பதால் 400 என்பது முழுச்சட்டத்தில், அதாவது பெரிய சென்சார் கேமராவில், 640 காட்டுவதை அடக்கும். அல்லது ஓ.எம். சிஸ்டம் ஓ.எம்-5 (414 கிராம்), 75-300 (423 கிராம்): இரண்டும் சேர்ந்து 837 கிராம், அதில் 300 என்பது 600-க்கு ஈடு. இன்றைய 2790 கிராமோடு ஒப்பிட்டால் கை நன்றாகவே மீளும். இழப்பும் உண்டு. உங்கள் டி500-இல் 600 என்பது 900 போலக் கிடைத்துக்கொண்டிருந்தது, அந்த நீட்டம் இராது. உங்கள் லென்ஸின் துளை 600-இல் ஏறத்தாழ 95 மில்லிமீட்டர் அகலம்; நான் சொன்னவற்றில் 50-ஐத் தாண்டாது. ஆகவே விடியற்காலை மங்கலில் படம் மணல் கொட்டியதுபோல வரும். வெயில் ஏறி ஏழரை மணிக்குமேல், நத்தைகுத்தி நாரைகள் கூட்டுக்குத் திரும்பும் நேரத்தில் கண்மாய்க் கரையில் நின்றால் குறை தெரியாது. தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காமல் ஊரே அடக்கி வைத்திருப்பதால் வேட்டங்குடிப் பறவைகள் மற்ற இடங்களைப்போல மிரள்வதில்லை. 900 இல்லாமலே அங்கே பிழைத்துக்கொள்ளலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டாவதை எடுப்பேன். 837 கிராம் பையை எந்த வயதிலும் எடுத்துக்கொண்டு கிளம்பத் தோன்றும்.

கேள்வி: மலேசியாவில் உறவினர் திருமணம். படமெடுக்க என்னையே அழைத்திருக்கிறார்கள். கைப்பை 7 கிலோதான் என்கிறார்கள். கேமரா மாற்றினால் அடங்குமா? – ஒரு வாசகர், கோட்டையூர்

பதில்: உங்கள் பட்டியலை எழுதவில்லை, ஆனால் முதல் பதிலில் நான் சொன்ன 3200 கிராம் பையோடு ஒரு ஃபிளாஷ், ஆறு பேட்டரி, சார்ஜர் வைத்தாலும் நான்கரைக் கிலோவுக்குள் நிற்கும். மீதி இடத்தை விழுங்குவது வெறும் பையின் எடைதான். தடித்த அட்டை வைத்த கேமராப் பையை விட்டு, மெல்லிய முதுகுப்பையில் லென்சுகளைத் துண்டில் சுற்றி வையுங்கள். பேட்டரிகளைக் கனம் என்று பெரிய பெட்டியில் போட்டுவிடாதீர்கள். தனி லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும் என்பது விமான விதி. அவற்றின் முனைகளில் ஒட்டு நாடா ஒட்டி வையுங்கள். டிரைபாடும் ஃபிளாஷ் கம்பமும் பெரிய பெட்டியில் போகலாம்.

கேள்வி: கல்லூரி மாணவன். நிக்கான் டி3500, 18-55 லென்ஸ் வைத்திருக்கிறேன். எடை குறைய இசட்50 வாங்கலாமா? – ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: வேண்டாம் தம்பி. உங்கள் டி3500 கேமரா 415 கிராம், லென்ஸ் 205, ஆக 620. இசட்50 கேமரா 450, அதன் 16-50 லென்ஸ் 135, ஆக 585. குறைவது 35 கிராம். ஒரு கந்தரப்பத்தின் எடைகூட இராது. அந்தப் பணத்தில் 35 எஃப் 1.8 ஜி லென்ஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு, மீதியை வைத்து ஆண்டு முழுவதும் பஸ் ஏறி ஊர் ஊராகப் போய்ப் படமெடுங்கள். 200 கிராம் கூடும்தான். 18-55-ஐ வீட்டில் வைத்துவிட்டுப் போனால் அதுவும் கூடாது.